பாதி ஷட்டர், பாதி மாத்திரை

மருந்துக்கடைக்காரனுக்கு வியாதி வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் வந்துவிட்டால் ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிப்போன சகாக்களே, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தவர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களும் படிக்கலாம், பாதகமில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. கடையில் மூன்றே பேர்: முதலாளி, ஜமால் பாய், நான். என் வியாதிக்கு இப்போது எண்ணச் சுழற்சி நோய் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது எங்கள் கடையில் அதற்கு ‘சேகர் சந்தேகம்’ என்றுதான் பெயர். மருந்தைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பேன். ஆள் படியிறங்கியதும் ஆரம்பித்துவிடும். சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக வேறு எதையாவது போட்டுவிட்டேனோ? அதைத் தின்று அவர் செத்துப்போனால்? பொய்ப் பயம் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஓடிப்போய்ப் பார்த்தால் அடங்கும். திரும்பி வந்தால், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி ஆரம்பிக்கும்.

துருகம் பஸ்

தியாகதுருகத்துப் பெரியவர் ஒருவர் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். டீ குடித்து, பஸ் ஏறி, ஜன்னல் சீட்டும் பிடித்துவிட்டார். அதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் மஞ்சப்பைக்குள் கைவிட்டுக் கவரை எடுத்துப் பார்த்து, சரிதான் என்று கொடுத்துவிட்டு இறங்கினேன். கீழே கால் பட்டதும் மறுபடி சந்தேகம். மறுபடி ஏறினேன். பெரியவர் மிரண்டுபோய், மாத்திரையே வேண்டாம் என்று கவரை என் கையில் திணித்தார். நான் வேண்டாம் என்று அவர் கையில் திணித்தேன். அந்த மாதத்தில் அந்த பஸ்ஸில் நான் ஏறி இறங்குவது அதுதான் முதல் முறை என்றும் சொல்ல முடியாது.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தெனமும் வந்துகினுதான கீற, ஒரு துருகம் டிக்கெட் எடுத்துக்கினு உள்ள வந்து குந்து.”

தண்ணிக்குள் ஒரு கடை

பாய்தான் என்னை சேலத்துக்கு ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் கொடுத்த மாத்திரை சில வாரங்களில் வேலை செய்தது. சந்தேகம் வரும், ஆனால் பக்கத்துத் தெருவில் யாரோ கூப்பிடுகிற மாதிரி தூரத்தில் கேட்கும். ஓட வேண்டும் என்று தோன்றாது. அந்த மாத்திரைக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டவன், அதில் மாற்றுப் பேச்சே கிடையாது.

ஆனால் மாத்திரை சும்மா இருக்குமா? நாக்கு அட்டை மாதிரி காய்ந்துபோகும். கத்தரிக்கோல் பிடித்தால் கை நடுங்கும். எல்லாவற்றுக்கும் மேல் தூக்கம். நின்றபடியே தூக்கம். கடை, அலமாரி, பாட்டில், வந்து நிற்கிற ஜனம் எல்லாமே தண்ணிக்குள் நடப்பது போல இருக்கும். வெயில் தெளிவாக இருக்கும் நாட்களில் கடைப்படியிலிருந்து மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அதைப் பார்த்தபடி நிற்பேன். யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், ஒன்றும் நினைவிருக்காது. இத்தனை தூக்கத்திலும் ஒரு கனவு கிடையாது, அதுதான் விசேஷம்.

பிள்ளைக்கு இருமல் மருந்து கேட்டு நின்ற ஒரு அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மருந்து அப்பறம் குடுப்பியாம், மொதல்ல போயி மூஞ்சி கழுவிக்கினு வா சாமி.”

குறைக்கிற பேச்சு

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். குறைக்கலாம், ஆனால் நீயாக எதையும் செய்யாதே, சட்டென்று நிறுத்தினால் உடம்பு சண்டைக்கு வரும் என்றார். இரண்டை ஒன்றாக்கி, சில மாதம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. இன்னொன்றும் சொன்னார். எதையும் ஒரு தடவை பார். இரண்டாம் தடவை பார்க்கத் தோன்றும், தோன்றட்டும், பார்க்காதே.

நான் ஒரு படி மேலே போனேன். என் மாத்திரையையே வெறித்துப் பார்த்து, இது அதுதானா என்று மண்டையை உடைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இருந்தது. அதனால் சாயங்காலம் மாத்திரை போடும்போது கண்ணை அந்தப் பக்கமே திருப்புவதில்லை. மலையைப் பார்த்தபடி பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவேன். பெரிய வீரச்செயல் என்று நினைப்பு.

முதலாளிக்குத்தான் உதறல். பழைய ஓட்டம் திரும்பிவிட்டால் கடை பெயர் என்னாவது? அவர் பக்கமும் நியாயம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இது. வீட்டில் கைக்குழந்தை வேறு. அவர் சொன்னதைக் கேட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை: “மாத்திரய கொற, வேணான்னு சொல்லல. ஆனா ஒரு தபா கடைய வுட்டு எறங்கி ஓடுன, அப்படியே வூட்டுக்கு ஓடிடு.”

கத்தரிக்கோல் சாஸ்திரம்

தொழில் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நாங்கள் விற்ற மாத்திரை அட்டைகளில் பெயரும் தேதியும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மறு ஓரத்திலிருந்து வெட்டிக் கொடுப்போம். இல்லையென்றால் மிச்சம் எந்த மருந்து என்று எங்களுக்கே தெரியாமல் போய்விடும். வாங்குகிறவர் கைக்குப் போவது பெயரில்லாத வெள்ளித்தாள், ஒரு பழுப்புக் கவரில். என் மாத்திரையையும் அதே மாதிரி வெட்டி, அதே பழுப்புக் கவரில்தான் வைத்துக்கொள்வேன்.

பேர் இல்லாம குடுக்கறீங்களே, நாங்க எப்படித் தெரிஞ்சிக்கறது என்று ஒரு வாத்தியாரம்மா சண்டைக்கு வந்தார். பாய் சிரிக்காமல் பதில் சொன்னார்: “பேரு எங்ககிட்ட கீது, நோவு உங்ககிட்ட கீது. ரெண்டும் பத்திரமாத்தான கீதும்மா?”

மலை இறங்கி வந்தது

ஒரு மாத்திரைக்கு இறங்கிய கொஞ்ச நாளில் கனவு திரும்பி வந்தது. எத்தனை காலத்துக்கு அப்புறம்! கல்வராயன் மலை எழுந்து, கோமுகி ஆற்றில் கால் கழுவிக்கொண்டு, மெள்ள நடந்து எங்கள் கடைக்கு வருகிறது. படியில் குனிந்து, மூட்டு வலிக்குத் தைலம் இருக்கிறதா என்று கேட்கிறது. நான் பதறாமல் எடுத்துக் கொடுக்கிறேன். மலை வாங்கிக்கொண்டு போகிறது. பின்னால் ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை. விழித்தபோது அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். தூக்கமும் குறைந்தது, கை நடுக்கமும் நின்றது. கடைச் சந்தேகமும் அவ்வப்போது எட்டிப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

கனவைக் கேட்டுவிட்டு பாய் தாடியைச் சொறிந்தார்: “பாதி மாத்திரைக்கே மலை வருதுன்னா, முழுசா நிறுத்துனா கடலே வந்துடும் போலக்கீதே.”

கைகள் மட்டும் வந்த வாரம்

அந்தச் சமயத்தில்தான் போராட்டம் சாலை மறியலாக மாறியது. நான்கு பக்கத்து ரோட்டிலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கரும்பு வண்டி இல்லை. ஊருக்குள் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. சேலம் ரோட்டின் நடுவில் நின்று மலையைப் பார்க்க முடிந்தது. அழகாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. யார் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று மனிதர்கள் ஒருவரை ஒருவர் கண்ணாலேயே அளந்தார்கள்.

கடையை மூடினால் நோயாளி என்ன செய்வான்? திறந்து வைத்தால் கல் விழுமோ? முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். வந்தவர்கள் வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டினார்கள். சேறு அப்பிய கை, வளையல் போட்ட கை, பச்சை குத்திய கை. சீட்டு வரும், கவர் போகும். முகமே தெரியாது. யார் எவர் என்று விசாரித்துக்கொண்டிருந்த என்னை முதலாளி அதட்டினார்: “கையப் பாத்து மருந்து குடுங்கடா, மூஞ்சியப் பாத்து வேணாம்.”

வடக்கனந்தல் கை

அப்படி நீண்ட கைகளில் ஒன்று அய்யாக்கண்ணுவுடையது. வடக்கனந்தலில் கரும்பு போடுகிறவர், கடைக்குப் பழகின ஆள், குரலிலேயே தெரிந்துகொண்டேன். வரப்பு வழியாகவே நடந்து வந்திருக்கிறார். வாயெல்லாம் புண், காரம் பட்டால் உயிர் போகிறது என்றார். வாய்ப்புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சத்து மாத்திரையை வெட்டிக் கவரில் போட்டேன். போடும்போது ஒரு தடவை பார்த்தேன். கொஞ்ச நேரம் முன்புதான் எனக்கு வேண்டியதை வெட்டி இன்னொரு கவரில் போட்டு கவுண்ட்டரிலேயே வைத்திருந்தேன். ஒரு கவரை அவர் கையில் வைத்தேன். இன்னொன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் காலடிச் சத்தம் தேய்ந்து போனது. நான் காத்திருந்தேன். சந்தேகம் வரவில்லை. கொஞ்சம்கூட வரவில்லை! பெட்டி மேல் ஈ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக நின்றேன். ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். பாய்க்கே ஆச்சரியம்: “இன்னாபா, உன் காலு இன்னைக்கு லீவா?”

கடல்

அதற்கு மறுநாளிலிருந்து உடம்பு சரியில்லை. தலையைத் திருப்பினால் கடை ஒரு நொடி தாமதித்துத் திரும்பும். தரை மெத்தை மாதிரி அமுங்கும். வேர்க்கும், குமட்டும். கனவோ கேட்கவே வேண்டாம். பாய் சொன்ன வாக்கு பலித்து, கடலே வந்தது. வெட்டிப்போட்ட புளியமரங்கள் எல்லாம் இலையோடு அதில் மிதந்து போயின. ஒவ்வொரு மரத்திலிருந்தும் கைகள் நீண்டன, நான் கவர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மாத்திரையைக் குறைத்த வினைதான் இது, பொறுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். சேலத்துக்குப் போய்க் கேட்கலாம் என்றால் ரோடு இல்லை. சாயங்காலமானால் மலையைப் பார்த்தபடி மாத்திரையை விழுங்கினேன்.

காலையில் காப்பி கொடுக்கும்போது என் சம்சாரம் கவலையோடு கேட்டாள்: “தூக்கத்துல கவர் மடிச்சிக்கினே இருந்தீங்களே, யாருக்கு அத்தினி மருந்து?”

வாய்ப்புண் ஆறாத கதை

மரங்களை அகற்றி பஸ் ஓட ஆரம்பித்ததும் அய்யாக்கண்ணு வந்தார். ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது, இந்தத் தடவை முகமும் வந்தது. மிச்ச மாத்திரையைக் கவரோடு கவுண்ட்டரில் வைத்தார். புண் இன்னும் ஆறவில்லையாம், போதாததற்கு வாய் வேறு அட்டை மாதிரி காய்ந்துபோகிறதாம். நாக்கைக் காயவைப்பது என் மாத்திரையின் வேலையல்லவா! அந்த வெள்ளித்தாளை எடுத்து, அலமாரியில் இருந்த என் மாத்திரை அட்டையின் பக்கத்தில் வைத்தேன். வெட்டின ஓரம் ஓரத்தோடு அப்படியே பொருந்தியது. என் சட்டைப்பையில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். சத்து மாத்திரை. இத்தனை நாளும் அவருடைய வாய்ப்புண் மருந்தை நான் விழுங்கியிருக்கிறேன். என் மாத்திரையை அவர். நான் குறைக்கவில்லை, என்னை அறியாமலே அடியோடு நிறுத்தியிருக்கிறேன்.

மறைக்காமல் சொன்னேன். மருந்து மாறிப்போச்சு, என் தப்பு, இனிமேல் ஒன்றுகூடப் போடாதீங்க, பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிக்கலாம் வாங்க என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ கவரைத் தன் பக்கம் இழுத்தார்: “புண்ணு ஆறலதான், இல்லங்கல. ஆனா இப்படித் தூங்கி வருஷக்கணக்காவுதுங்க. அதையே குடுத்துடுங்களேன்.”

முதலாளி தீர்ப்பு

ஆஸ்பத்திரியில் காட்டி, ஒன்றும் பயமில்லை என்று கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து முதலாளி முன்னால் நின்றேன். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷம் சரியான மருந்து கொடுத்த நாளிலெல்லாம் என்னை ஓட ஓட விரட்டிய சந்தேகம், நிஜமாகவே மாறிப்போன அன்றைக்கு வாயே திறக்கவில்லை. இந்தத் தடியனை நம்பியா இத்தனை பஸ் ஏறி இறங்கினேன்! வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓட வேணாத அன்னைக்கெல்லாம் ஓடுன, ஓட வேண்டிய அன்னைக்கு நின்னுட்டியேடா. ஓடுனா வேல இல்லன்னுதான சொன்னேன், ஓடாததுக்கு இன்னா பண்றது? உன் கவர இனிமே பாய்கிட்ட குடுத்து வையி. போ, போயி நில்லு.”

மறுபடி சேலம்

டாக்டர் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தலைசுற்றலும் கடலும் மாத்திரை சட்டென்று நின்றதால் வந்தவை என்றார். மறுபடி ஒரு மாத்திரையில் ஆரம்பித்து, அவர் சொன்ன வேகத்திலேயே, அவசரமில்லாமல் குறைத்து, ஒருநாள் அது நின்றும் போனது. கனவில் மலை இப்போதும் எப்போதாவது தைலம் கேட்டு வருகிறது. அன்றைக்கு டாக்டர் வாசல் வரை வந்து சொன்னது மட்டும் மறக்கவில்லை: “ஒரு தடவை பாருன்னு சொன்னேனே தவிர, அந்த ஒரு தடவையும் பாக்காதேன்னு எப்பய்யா சொன்னேன்?”

மொத்தத்தில் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று நான் கண்டது இவ்வளவுதான்: பயம் வந்தால் மருந்து சரியாகத்தான் இருக்கும், பயமே வராவிட்டால்தான் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.