தடவிப் பார்த்து முதலையைக் கண்டுபிடிப்பது

வெள்ளம் வடிந்த வாரம் யாரோ ஒரு முதலை வீடியோவை அனுப்பிவிட்டார்கள். நம்ம ஏரிதான் என்று சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் ஒரே பேச்சு. நாலு நாள் ஒருத்தியும் தண்ணீரில் இறங்கவில்லை. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள், இறங்கினால்தான் சோறு.

ஐந்தாம் நாள் வனத்துறை சார் ஒருவர் படங்களோடு வந்தார். மூக்கு அகலமாக இருந்து, பிடரியில் நாலு பெரிய செதில் துருத்திக்கொண்டிருந்தால் சதுப்புநில முதலை. பிடரியில் அது இல்லாமல், கண்ணிலிருந்து மூக்குவரை இரண்டு வரப்பு ஓடினால் உப்புநீர் முதலை; அதுதான் பொல்லாதது. மூக்கு ஒல்லியாக நீண்டிருந்தால் மீன் தின்னும் வடநாட்டு முதலை, இங்கே வராது என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. சேற்றுத் தண்ணீரில் எங்களுக்கு எது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது? படத்தை மடித்து வையுங்கள், தடவினால் எப்படியிருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றேன். மனுஷன் பையைக் குடைந்து ரப்பர் முதலைப் பொம்மைகளை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் வரிசையாகத் தடவினோம். ஒருத்திகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில், வரவே மாட்டேன் என்ற என் நாத்தனாரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். தனியாக இறங்க எனக்குப் பயம். அதை வெளியே சொல்வேனா? இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, இறால் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி நகர்ந்தோம். அவள் முன்னால், நான் பின்னால்.

கொஞ்ச தூரத்தில் என் கையில் சொரசொரவென்று ஏதோ பட்டது. வெடிப்பு வெடிப்பாகத் தடித்த தோல். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனாலும் படித்த படிப்பு விடுமா? கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, செதில் நாலா என்று அழுத்தி எண்ணினேன். இன்னும் கொஞ்சம் தடவியதும் ஐந்து விரல்கள். நாத்தனாரின் குதிகால்தான்.

அசடு வழிய நிமிர்ந்தேன். அவள் கத்தவில்லை, காலை உதறவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், கயிற்றைப் பல்லிலிருந்து விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணி, என்னப் புடிச்சிக்கிச்சி. இன்னா ரகம்னு பாத்துனு நிக்காத, நீ கரைக்குப் போயிடு. எம் பொண்ண மட்டும் பாத்துக்கோ.”

பிடித்திருப்பது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலை விடவும் மனசு வரவில்லை.