மாமா பிக்கப்பைக் கொடுத்த கதை

என் அக்கா வீட்டுக்காரரைப் போல முடிவெடுக்கத் தெரியாத ஆளை நான் பார்த்ததில்லை. ஓட்டலில் உட்கார்ந்தால் சர்வர் வந்து நின்று, அலுத்துப்போய், வேறு மேஜைக்குப் போய்த் திரும்பி வருவார். மாமா இன்னும் டீயா காப்பியா என்று யோசித்துக்கொண்டிருப்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "ரெண்டையும் கொண்டாங்க, ஆளை விடுங்க" என்று நான்தான் கத்துவேன்.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் மனிதர் வேறு. ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பார், டேப்பை இழுப்பார், வெட்டுவார். ஒரு நூல் பிசகாது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்ணாடி போடுவதுதான் எங்கள் தொழில். பெரிய கண்ணாடியென்றால் அவர் ஒரு முனை, நான் மறுமுனை. அவர் 'தூக்கு' என்பார். நான் 'ம்' சொன்னால்தான் அவர் கை அசையும். நாள் முழுக்க நடுவில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தபடி நடக்கிற பிழைப்பு. "நாள் பூரா உங்க மாமா மூஞ்சியையே பார்த்தா, எவளைப் பார்க்கத் தோணும்? அதான் உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்று அக்கா கேலி செய்வாள்.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரு பிக்கப் வண்டி. பின்னால் சாய்வாக ஒரு இரும்பு ஸ்டாண்டு. அதில் பழைய கம்பளியை ஒட்டி, கண்ணாடியை நிறுத்திக் கட்டிக்கொண்டு போவோம். முன்னால் இரண்டே சீட்டு. சீட்டின் முதுகு சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கும். அதுதான் பிரச்சினையானது.

அக்காவுக்கு முதுகெலும்பில் கட்டி. அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாராவாரம் ஊரின் மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். முதலில் டாக்ஸி வைத்துப் பார்த்தோம். அதை ஓட்டிய மகராசன் வேகத்தடை எதையும் கண்டுகொள்ளவில்லை. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள், வீட்டு வாசலில் இறங்கியதும் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து மாமா வேறு யாரையும் நம்பவில்லை.

பிக்கப்பிலும் சுகமில்லை. காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அப்போது மாமா ஒரு வேலை செய்தார். அக்காவைக் கூட்டிப்போகும் நாளில் வேண்டுமென்றே வண்டி நிறையக் கண்ணாடி ஏற்றினார். லோடு இருந்தால் ஸ்பிரிங் அழுந்தும், வண்டி குலுங்காது. டெலிவரி கொடுக்க வேண்டியதாக இருந்தாலும் சரி, கடையில் சும்மா கிடக்கிற உடைசலாக இருந்தாலும் சரி, ஏற்றுவோம். நான் பின்னால் கண்ணாடியோடு நிற்பேன். முன்னால் அக்கா தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு, "இன்னைக்கு எனக்குத் துணைக்கு யாரு? ஷோகேஸா, பாத்ரூம் கண்ணாடியா?" என்று கேட்பாள். வலியிலும் அவளுக்கு வாய் அடங்காது.

ஆஸ்பத்திரி காவலாளி ஒருநாள் மறித்துவிட்டான். "லோடு வண்டியெல்லாம் உள்ள விட முடியாது."

"உள்ள உக்காந்திருக்கிறவங்க நோயாளிய்யா, கண் தெரியலையா?" என்று நான் பின்னாலிருந்து குதித்தேன்.

"பின்னாடி கண்ணாடி இருக்குல்ல? உள்ள உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

சட்டையைப் பிடிக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, சக்கர நாற்காலியில் அக்காவைக் கேட்டிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போனோம். கற்கள் பதித்த பாதை அது. ஒவ்வொரு கல்லுக்கும் அவள் கண்ணை மூடுவதைப் பார்த்தபடியே மாமா நடந்தார். அன்று வீட்டுக்குத் திரும்பி, கண்ணாடியை இறக்கும்போது சொன்னார்: "மாப்ளே, இதைக் குடுத்துட்டு ஒரு பழைய எஸ்யூவி எடுத்துடலாமாடா? பின்சீட்டுல படுத்துக்கிட்டே வருவா."

'சரி' என்றால் என் பிழைப்புக்கே உலை. 'வேண்டாம்' என்றால் கூடப்பிறந்தவளைக் குலுக்கிக் கொல்லலாம் என்று சொல்வதாகிவிடும். இரண்டு வண்டி வைத்துக்கொள்ள வக்கில்லை. "என்னைக் கேட்டா? உங்க வண்டி, உங்க பொண்டாட்டி" என்று எரிந்து விழுந்தேன். வேறென்ன செய்ய?

பிறகு ஆரம்பித்தது மாமாவின் யோசனை. அடேயப்பா! காலையில் கொடுத்துவிடலாம் என்பார்; சாயங்காலம் வேண்டாம் என்பார். புரோக்கர் கொண்டுவந்து காட்டிய சாம்பல் நிற எஸ்யூவியின் உள்ளே புகுந்து டேப்பால் அளந்தார். சீட்டை மடக்கினால் கண்ணாடியைப் படுக்கப் போடலாம் என்றார். படுக்கப் போட்ட கண்ணாடி முதல் பள்ளத்திலேயே போய்விடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரே அவர்தான்! "வாடகை வண்டியில கண்ணாடி கொண்டு போகலாமே" என்றார். வாடகை வண்டி வந்து சேர்வதற்குள் ஆர்டர் இன்னொருத்தன் கைக்குப் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அக்கா முதலில் ஒரேயடியாக மறுத்தாள். "எனக்காகத் தொழிலை விக்கிறதா? பைத்தியமாங்க உங்களுக்கு?" பிறகு ஒருநாள் புரோக்கர் அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். இறங்கும்போது அவள் முகத்தில் சுருக்கமே இல்லை. மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, எடுங்க" என்றாள். மாமா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பல மாதத்துக்கப்புறம் பார்த்தேன். எனக்கும் மனசு இளகிவிட்டது, போகட்டும், எங்காவது கூலிக்குப் போனால் போகிறது என்று.

எக்ஸ்சேஞ்சுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். "இனி இந்த அலைச்சல் வேண்டாம். வீட்டுலயே வச்சு நல்லாப் பார்த்துக்குங்க. வலிக்கு மருந்து எழுதித் தர்றேன்" என்றார். தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். மாமா வேண்டாமென்று தலையாட்டினார்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். மாமா, "புரோக்கர்கிட்ட என்னடா சொல்ல?" என்றார்.

"என்ன சொல்ல? வேண்டாம்னு சொல்லுங்க. வண்டியாவது மிஞ்சட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாமா கோபிக்கவில்லை. "நான் வேண்டாம்னா, ஏன்னு கேப்பாடா. அவளுக்குப் புரிஞ்சுடும். எடுத்துத்தான் ஆகணும்" என்றார். டீயா காப்பியா என்று தெரியாத மனிதர், இதை மட்டும் ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டார். எழுந்துபோய், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரும்மா. அதுக்குள்ள புது வண்டி வந்துடும்" என்று அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

குறித்த நாளில் புரோக்கர் வந்தார். ஸ்டாண்டைக் கழற்றி வாசலோரம் சாய்த்தோம். கையெழுத்துப் போட மாமா பிக்கப்பிலேயே புரோக்கரோடு அலுவலகத்துக்குக் கிளம்பினார். அக்காவுக்குத் துணையாக நான் வீட்டில் இருந்தேன். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் அக்கா என்னை அருகில் கூப்பிட்டாள்.

"ஏண்டா, நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?"

"நீதானே சரின்னு சொன்னே?"

"டாக்டர் உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே நான் டாக்டரைக் கேட்டுட்டேன்டா. இனிமே தேற மாட்டேன்னு சொல்லிட்டார். அந்த வண்டியில படுத்துப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரியும். வேண்டாம்னு சொன்னா, ஏன்னு கேப்பார்ல உங்க மாமா? அவர் இன்னும் நம்பிக்கிட்டு இருக்கார். அதை எப்படிடா நான் கெடுப்பேன்?"

"அடிப்பாவி! அவரும்தான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். "ஓ" என்றாள். "அவருக்கும் தெரியுமா?"

போனைக் கையில் எடுத்தேன். "இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். இப்ப சொன்னா வண்டி திரும்பி வந்துடும்க்கா. தொழில் தப்பிக்கும்."

"என்னன்னு சொல்லுவே?"

உங்க பொண்டாட்டிக்குத் தான் சாகப்போறது தெரிஞ்சுபோச்சு, அதனால வண்டியைத் திருப்பிக் கொண்டாங்க என்றா சொல்ல முடியும்?

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அந்த மனுஷன் கையை வெட்டிக் குடுக்கிற மாதிரி அந்த வண்டியைக் குடுக்கிறார்? எனக்குத் தெரியும்னு நீ அவர்கிட்ட சொன்னே, நான் கண்ணை மூடற வரைக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள்.

"ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொல்றீங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்து மூடியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எண்ணை அழுத்தவில்லை. கடவுளே, ஒரு விரலை அழுத்த முடியாதா எனக்கு? முடியவில்லை.

வாசலில் ஹாரன் கேட்டது. மாமா சாவியை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "வாம்மா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

நாங்கள் இருவரும் அக்காவைத் தூக்கிப்போய்ப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். அவள் தலைக்கு என் மடி. மாமா வண்டியைக் கிளப்பினார்.

"அப்பாடா, சொகுசா இருக்குங்க" என்றாள் அக்கா. "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குத் தூங்கிக்கிட்டே போயிடுவேன்."

"போலாம்மா. கேட்டுக்குள்ளயே விடுவான் இனிமே" என்றார் மாமா. குரல் பிசிறவே இல்லை. பிறகு முன்னால் தொங்கிய கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எப்படிடா இருக்கு வண்டி?" என்று கேட்டார்.

அக்கா கீழேயிருந்து என்னைப் பார்த்தாள். அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

"நல்ல வண்டி மாமா" என்றேன்.