மூன்றாம் குளத்துப் பலகை

என் தம்பிக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கவே அரை நாள் ஆகும். ஒரு காலில் இது, மறு காலில் அது என்று மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடப்பான். கடைக்காரர் விளக்கை அணைக்க ஆரம்பித்ததும், "பொறுங்க, நாளைக்கு வரேன்" என்பான். பேசக் கற்ற நாளிலிருந்து அவன் வாயில் அதிகம் வந்த சொல் அதுதான். அதனால் வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயரே 'பொறு' என்றாகிவிட்டது. ஐம்பதை நெருங்குகிறான், தலை பாதி நரைத்துவிட்டது, இன்னமும் பொறுதான்.

கல்யாணத்தைக்கூட அவன் முடிவு செய்யவில்லை. அவன் வேலை பார்க்கும் பல் லேபில் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணோடு வருஷக்கணக்கில் டீ குடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அவள்தான், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தரேன். அப்புறம் நான் வேற லேப் பாத்துக்கறேன்" என்றாள். ஞாயிறு சாயங்காலம் என்னிடம் வந்து, "என்ன சொல்றதுக்கா?" என்று கேட்டான். நான் அவனுக்குச் சொன்னதை எழுத்தில் எழுத முடியாது.

லேபில் மட்டும் அவனுக்குத் தனி மரியாதை. ஒருவருக்கு ஒரு பல் போனால், பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி இன்னொன்றை வார்த்து, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பான், ட்யூப் லைட்டுக்குக் கீழே பார்ப்பான், திரும்ப ஜன்னலுக்குப் போவான். அங்கே அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எங்களுக்கு அது உயிரை வாங்குகிற வியாதி.

நாள் முழுக்க கையளவு தூரத்தில் பல்லையே பார்த்துப் பார்த்துக் கண் வலி வந்தது. கண் டாக்டர், "தினமும் கொஞ்ச நேரம் தூரத்துல இருக்கறதப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. இவன் கேமரா வாங்கிவிட்டான். லேப் ஜன்னலில் உட்கார்ந்த புறாவில் ஆரம்பித்து, கொக்கு, மீன்கொத்தி, கீரி என்று போய்க்கொண்டே இருந்தான். எனக்கு வந்த வினை என்னவென்றால், நான் கேமராவும் லென்ஸும் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறேன்.

என் கடை அலமாரியில் இரண்டு பெரிய லென்ஸ்கள் உண்டு. நானூறு மில்லிமீட்டர் ஒன்று, அறுநூறு ஒன்று. இரண்டுமே ப்ரைம். அதாவது ஜூம் கிடையாது. பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நாம்தான் கிட்டே நடக்க வேண்டும், சின்னதாக வேண்டுமானால் பின்னால் நகர வேண்டும். நானூறு வாய் அகலம், மங்கலான வெளிச்சத்திலும் படம் பிடிக்கும். அதற்குத் தம்பி வைத்த பெயர் தடியன். அறுநூறு இன்னும் தூரத்தில் இருப்பதை இழுத்துக் கண் முன்னால் வைக்கும். அது நெட்டையன்.

சனிக்கிழமை மதியம் லேபிலிருந்து நேராக வந்துவிடுவான். தடியனைத் தூக்குவான், எதிர்க்கடை மாடியில் காயும் துணியைப் பார்ப்பான். கீழே வைப்பான். நெட்டையனைத் தூக்குவான், அதே துணியைப் பார்ப்பான். "அதுல வெளிச்சம் நல்லா வருதுக்கா. ஆனா இதுல பின்னாடி எல்லாம் அப்படியே வெண்ணெய் மாதிரி கரையுது" என்பான்.

"உனக்கு நான் வாடகையா கேக்கறேன்? ஏதோ ஒண்ண எடுத்துக்கிட்டுப் போயேன்டா."

"பொறுக்கா. ஒண்ண எடுத்தா இன்னொண்ணு இங்க இருக்குமேன்னு இருக்கு."

கடைசியில் இரண்டையும் துணியால் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, கேமராவோடு வந்த குட்டி லென்ஸோடு திரும்பிப் போவான். வருஷக்கணக்கில் இதே கதை. வாடிக்கையாளர்கள் அவனை என் கடை வேலையாள் என்று நினைத்து ரசீது கேட்பார்கள்.

இப்படி இருந்தவன் ஒரு புதன்கிழமை லேப் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. "அக்கா, நீர்நாய். குட்டி ரெண்டு" என்றான்.

ஊருக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற இடத்தில் மூன்று குளங்கள் உண்டு. மூன்றாவது குளத்தை இப்போது பயன்படுத்துவதில்லை. அதன் கரையில் கல் சரிந்த இடத்தில், பொந்துக்குள்ளிருந்து தாயும் இரண்டு குட்டியும் வந்து போவதை அவன் பார்த்திருக்கிறான். நீர்நாய் இந்தப் பக்கம் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஆனால் அவன் ஓடி வந்த காரணம் அது மட்டுமில்லை. அந்தக் கரை முழுக்க சிமென்ட் பூசப் போகிறார்கள். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். பொந்தும் அதோடு சேர்ந்து மூடப்படும்.

தண்ணீர் இலாகா அலுவலகத்துக்கு ஏற்கெனவே போய் வந்திருந்தான். அங்கே பொறியாளர் நல்ல மாதிரிதான் பேசியிருக்கிறார். "எனக்கு வேலைய நிறுத்த அதிகாரம் இல்லீங்க. நீர்நாய் இந்தக் குளத்துல இருக்குன்னு காட்டற மாதிரி ஒரு போட்டோ கொண்டு வாங்க. நான் மேல அனுப்பறேன். அங்க பாத்தாங்கன்னா கண்டிப்பா நிறுத்துவாங்க" என்றாராம்.

"அப்புறம் என்ன? எடு லென்ஸ, கிளம்பு" என்றேன்.

நெட்டையனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போனான். திரும்பி வந்தான். "விடியக்காலைல வெளிச்சம் இருக்காதுக்கா. தடியன்தான் சரி" என்றான். தடியனோடு போனவன் பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பினான். தூரம் எட்டாதாம். அவன் மனைவி போனில், "அண்ணி, நீங்களே ரெண்டுல ஒண்ண அவர் தலைல கட்டி அனுப்பிடுங்க. இங்க தூக்கத்துல கூட நானூறு, அறுநூறுன்னு உளர்றாரு" என்றாள். வியாழன் அப்படியே போனது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை இரண்டையும் என் வேனில் ஏற்றி நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கரைக்கு எதிரே புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். முதலில் தடியனை மாட்டினான். வெளிச்சம் ஏற ஏற அவனுக்குக் கை அரித்தது. தடியனைக் கழற்றி மடியில் வைத்து நெட்டையனைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, தாய் பொந்திலிருந்து வெளியே வந்து, எங்களைப் பார்க்கிற மாதிரி தலையைத் தூக்கி, வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போனது. அவன் மடியில் ஒரு லென்ஸ், கையில் ஒரு லென்ஸ், கேமரா வாய் திறந்து கிடந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான் ஒரு முடிவோடு இருந்தேன். தடியனைக் கடைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். "இன்னிக்கு நெட்டையன் மட்டும்தான். வாயத் தெறந்த, உன்னையும் சேத்துப் பூட்டிடுவேன்" என்றேன். நெட்டையனைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினான்.

முதல் நாள் உட்கார்ந்த இடத்தில் அவன் உட்காரவில்லை. "இங்கேர்ந்து பாத்தா பின்னாடி பம்ப் ரூம் வருதுக்கா. சிவப்பா அசிங்கமா இருக்கும்" என்று ஈர மண்ணில் தவழ்ந்து தவழ்ந்து பக்கவாட்டில் நகர்ந்தான். பின்னால் புல் மட்டும் தெரிகிற ஒரு இடம் கிடைத்தது. அப்புறமும் முகத்தைச் சுளித்தான். பொந்துக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை நட்டிருந்தது. 'குளம் எண் 3' என்று எழுதியிருந்தது.

"அது மட்டும் ஓரத்துல வந்து உறுத்துதுக்கா. நீ போய்க் கொஞ்சம் பிடுங்கிப் புல்லுல படுக்க வெச்சுடேன். நான் நகர்ந்தா இடம் போயிடும்."

நான் போனேன். சேற்றில் கால் புதைய, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தப் பலகையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிப் புல்லுக்குள் மறைத்துவிட்டு வந்தேன். கை முழுக்கத் துரு. என் போனையும் அணைக்கச் சொன்னான். மிருகம் மிரளுமாம்.

வந்தது. வாயில் ஒரு மீன், இரண்டு பக்கமும் இரண்டு குட்டி. கல்லின் மேல் ஏறி நின்று உடம்பை உதறியது. தம்பி மூச்சு விடவில்லை. கேமரா மட்டும் பொரிந்து தள்ளியது. எல்லாம் முடிந்து அவை உள்ளே போன பிறகு திரையைக் காட்டினான். மீசை முடி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு நீர். மீனின் கண் கூடத் தெரிந்தது. பின்னால் பச்சை மட்டும், ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லாமல் கரைந்து கிடந்தது. நான் இத்தனை வருஷமாக லென்ஸ் வாடகைக்கு விடுகிறேன், அப்படி ஒரு படம் என் கடைக்கு வந்ததில்லை. தம்பி அழுதான். எனக்கும் கண் கலங்கியது, ஒளிப்பானேன்.

சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது. திங்கட்கிழமை காலை பெரிதாக அச்சுப்போட்டு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். பொறியாளர் எழுந்து நின்றே பார்த்தார். "பிரமாதம்ங்க" என்றார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இது நம்ம குளம்தான்னு எதை வெச்சுச் சொல்றது?" என்றார்.

தம்பிக்கு அந்தக் கேள்வி ஏறவே இல்லை. "அங்கதான் சார் எடுத்தேன். பின்னாடி இப்படிக் கரையணும்னுதான் மண்ணுல தவழ்ந்து இடம் பிடிச்சேன். இது நானூறுல வராது சார்" என்று பெருமையாக விளக்க ஆரம்பித்தான்.

"நான் நம்பறேங்க. ஆனா மேல அனுப்பினா முதல் கேள்வி இதுதான் வரும். ஒரு கல்லு தெரியுது, கல்லு எல்லா ஊர்லயும் இருக்கு. மிருகக்காட்சி சாலையில எடுத்ததுன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது? வேற படம் இருக்கா?"

வேறு படம் நூற்றுக்கணக்கில் இருந்தது. எல்லாவற்றிலும் அதே நீர்நாய், அதே பச்சை. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பம்ப் ரூம் தெரிஞ்சிருக்கலாம். இல்ல கரையில ஒரு நம்பர் பலகை இருக்குமே, அது ஓரத்துல துளி தெரிஞ்சிருந்தாக்கூடப் போதும்" என்றார்.

நான் தம்பியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நாங்கள் சேற்றில் இறங்கிச் செய்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

பொறியாளர் ஒப்பந்தக்காரருக்கு போன் செய்து, மதியம் வரைக்கும் பொறுக்கச் சொன்னார். அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். வேனை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. தம்பி கேமராவில் அந்தக் குட்டி லென்ஸை மாட்டிக்கொண்டான். யோசிக்கவில்லை, பொறு என்று சொல்லவில்லை. அவன் வாழ்நாளில் சட்டென்று எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

அங்கே போனால் கல் லாரி ஏற்கெனவே கொட்டிவிட்டுப் போயிருந்தது. கலவை இயந்திரம் நின்றுகொண்டிருந்தது, ஓடவில்லை. ஆனால் பொறியாளரின் போன் வரும் வரை அது ஓடிய சத்தம் பொந்துக்குள் கேட்டிருக்கும். நான் புல்லில் தேடி அந்தப் பலகையை எடுத்து, இருந்த இடத்திலேயே நட்டேன். தம்பி பொந்துக்கு நேர் எதிரே குப்புறப் படுத்துவிட்டான். வெயில் ஏறியது. ஒரு சலனமும் இல்லை. மதியம் ஆனதும் மேஸ்திரி வந்து, "நாங்களும் எவ்வளவுதாங்க நிக்கறது" என்றார். குச்சி விட்டுப் பார்த்தார். பொந்து காலி. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு தாய் எங்கேயோ போய்விட்டது. இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை தம்பி கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. தடியனும் நெட்டையனும் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன, நான்தான் துடைத்தேன். எதிர்மாடித் துணியை நான் ஏன் எட்டிப் பார்க்கிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. வந்தால் தொல்லை, வராவிட்டால் அதைவிடத் தொல்லை.

கொஞ்ச மாதம் கழித்து தண்ணீர் இலாகாவிலிருந்து அவனுக்கு போன் வந்திருக்கிறது. புதுக் கட்டடத்தின் வரவேற்பறைச் சுவருக்கு அந்தப் படம் வேண்டுமாம். அவன் கொடுத்துவிட்டான். கேள்விப்பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக லேபுக்குப் போனேன்.

"கேக்க அவங்களுக்குத்தான் வெக்கமில்ல, குடுக்க உனக்கு எங்கடா போச்சு புத்தி?"

ஒரு பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தான். "நல்ல படம்க்கா. எங்கயாவது இருக்கட்டும்" என்றான்.

அவன் மேசைக்கு எதிரே சுவரில் இன்னொரு படம் மாட்டியிருந்தது. அதை நான் முன்னால் பார்த்ததில்லை. மூன்றாம் குளத்தின் கரை. குட்டி லென்ஸில் எடுத்தது. பூசி முடித்த சிமென்ட், சிவப்பு பம்ப் ரூம், நான் கோணலாக நட்டுவிட்டு வந்த பலகை, அதில் 'குளம் எண் 3', பின்னால் கம்பி வேலி, அதற்கும் பின்னால் மின்கம்பம் வரைக்கும் ஒன்று விடாமல் விழுந்திருந்தது.

"இதப் போய் மாட்டி வெச்சிருக்கியே, இதுல என்னடா இருக்கு?" என்றேன்.

பல்லைக் கீழே வைத்தான். படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் இல்லக்கா. ஆனா எந்த எடம்னு கேட்டா சொல்லிடலாம்."