தேக்சாவில் வெந்த விளக்கு

சலவை சோடா கொதிக்கிற வாசனை உங்களுக்குப் பிடிக்குமா? எனக்குப் பிடிக்கும்.

போன ஞாயிறு பட்டாபிராமில் ஒரு சலவைக்காரர் வீட்டு வாசலில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவி மூக்கில் ஏறியதும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன்.

"வண்டி மக்கர் பண்ணுதா?" என்றாள் பின்னால் இருந்த மனைவி.

"இல்ல... மும்தாஜ் விளக்கு ஞாபகம் வந்துடுச்சு."

சிரித்துவிட்டாள். அவளும் அன்று அங்கே இருந்தவள்தானே.

எண்பதுகளின் கடைசி. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீடு ரஹீம் பாய். ராணுவ வண்டிகளுக்குப் பச்சை அடிக்கும் பெயிண்டர். பகலெல்லாம் அடித்தது போதாதென்று, கடையில் அதே பச்சையை வாங்கி வந்து வீட்டிலும் அடிப்பார். கேட் பச்சை. சைக்கிள் பச்சை. பக்கெட், டிரங்குப் பெட்டி, குழந்தையின் தொட்டில் — எல்லாம் பச்சை. அவர் வீட்டில் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிற்க எனக்கே பயம்.

கல்யாணமான புதிதில் மனைவி மும்தாஜை அசத்த நினைத்தார் மனிதர். அவள் தாய்வீட்டிலிருந்து வந்த மண்ணெண்ணெய் மேஜை விளக்கில் — பித்தளை உடம்பு, மேலே கண்ணாடிச் சிம்னி — அங்கங்கே கறுப்புப் புள்ளி. விடுவாரா? சிம்னியைக் கழற்றிவிட்டு மூன்று கோட்டிங் பச்சை!

அது ஜோடி விளக்கு. மும்தாஜின் அத்தா ஆளுக்கொன்றாக இரண்டு மகள்களுக்கும் கொடுத்தது. இன்னொன்று பூந்தமல்லியில், அக்கா ஜுபைதா வீட்டில். அங்கே வாராவாரம் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பார்கள். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு.

ஜுபைதா அக்காவின் மகளுக்கு நிக்காஹ் வந்தது. மேடையின் இரண்டு பக்கமும் அத்தாவின் விளக்குகள் நிற்க வேண்டும் என்பது மும்தாஜின் ஆசை. பத்திரிகை வைக்க வந்த அக்கா, பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"இத்த என்னுது பக்கத்துல வெச்சா மேடைல ஜீப் நிக்கிற மாதிரி இருக்கும்டி. நான் ஒத்த விளக்கே வெச்சுக்கறேன்."

மும்தாஜின் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "பெயிண்ட்டுக்கு அடியில கொடி இருக்குதுக்கா. கிளி கூட கீது. சின்ன வயசுல வெரலால தடவிப் பாத்திருக்கேன்."

"கெனா கண்டிருப்ப. ஜோடி விளக்குதானே? என்னுது மொழுமொழுன்னு கீது. உன்னுதுல மட்டும் கிளி எங்கேர்ந்து வரும்?"

அக்கா போனதும் ரஹீம் பாய் துள்ளி எழுந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருடைய கூட்டாளிக்கு பாலீஷ் பட்டறை. "மிஷின்ல காட்டுனா பெயிண்ட்டும் போயிடும், தங்கமாட்டம் மின்னும். இன்னா சொல்ற?"

"கிளியும் போயிடும்."

"கிளி இருந்தாத்தானே போறதுக்கு?"

"இருக்குது" என்றாள் மும்தாஜ். அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில் அடுப்பு. துணி வேகவைக்கிற பழைய தேக்சாவில் தண்ணீர், சலவை சோடா. பர்னரைத் தனியே கழற்றி வைத்துவிட்டு விளக்கை உள்ளே இறக்கினாள். தெருவே கூடிவிட்டது.

"இன்னா பாய், விளக்கு பிரியாணியா?"

"கறி வெந்துச்சா, இன்னும் ஒரு விசில் உடணுமா?"

பாய் தலையைத் தொங்கப்போட்டு விறகைத் தள்ளினார். பாதியில் கம்பி பிரஷ்ஷோடு வந்தார். அதைப் பிடுங்கித் தன் மணைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள் மும்தாஜ்.

பால் ஏடு மாதிரி பச்சை சுருங்கி மிதந்தது. விளக்கைக் கிடுக்கியால் தூக்கி, ஆறவிட்டு, துடைப்பக் குச்சியால் மெல்ல... மெல்ல...

முதலில் ஓர் இலை வந்தது. அப்புறம் கொடி. கொடி வளைகிற இடத்தில் — கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கிளி.

கேலி பேசிய தெரு எட்டி எட்டிப் பார்த்தது. என் மனைவிதான் முதலில் அழுதாள். ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது அவளுக்கு.

பாய்க்குத் தைரியம் வந்துவிட்டது. "பாத்தியா, நான் பெயிண்ட் அடிச்சதாலதான் கிளி தப்பிச்சுது."

"ஆமா, உங்களுக்குச் செல வெக்கணும். அதுக்கும் நீங்களே பச்ச அடிச்சுக்குங்க."

பித்தளை பளபளக்கவில்லை. சாயங்கால வெயில் பட்ட மண் மாதிரி ஒரு பழுப்பு. அதை அப்படியே விட்டாள். வார்னிஷ் டப்பாவை நோக்கிப் போன பாயின் கையைத் தட்டிவிட்டு, துளி தேங்காய் எண்ணெய் தொட்ட மல் துணியால் துடைத்ததோடு சரி. கிளியின் இறக்கைக் கீறலில் மட்டும் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது. குச்சியை எடுத்தவள், யோசித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

"கிளி பச்சையாத்தானே இருக்கும்."

பாயின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

பழைய பொருள் கையில் கிடைத்தால் நம்மால் சும்மா இருக்க முடிகிறதா? ஒன்று, மேலே எதையாவது பூசி மூடுகிறோம். இல்லையென்றால் உள்ளே இருப்பது தேயும்வரை தேய்க்கிறோம். இரண்டுமே பாசத்தில்தான்! ஜுபைதா அக்காவின் கிளி ஒரே நாளில் பறந்துபோகவில்லை. வாரத்துக்கு ஓர் இறகாகப் போயிருக்கிறது. தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தேய்மானம் எங்கே தெரிகிறது?

நிக்காஹ் மேடையில் இரண்டு விளக்குகளும் நின்றன. ஒன்று வெயில், ஒன்று அந்தி. வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், கிளியைப் பார்த்தார்கள். ஜுபைதா அக்கா மட்டும் யாரும் பார்க்காதபோது தன் விளக்கைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா வீட்டுக்கு மும்தாஜோடு நாங்களும் விளக்கை எடுக்கப் போனோம். வாசலில் ஆட்டோ நின்றது. அக்கா கிளி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஒரு மாசம் இங்க இருக்கட்டும்டி. நான் கண்ணால பாத்தத மறந்தே போயிட்டேன். வெரலாலயாவது ஞாபகம் வெச்சுக்கறேன்."

மும்தாஜ் அக்காவையே பார்த்தாள். பிறகு நேராகச் சமையல்கட்டுக்குள் போய், ஒரு ஜாடியோடு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"விளக்கு இருக்கட்டும்க்கா. புளிய மட்டும் நான் எடுத்துகினு போறேன்."