வடபழனியில் இருப்பவரின் மெடல்

என் அத்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டு விசேஷமானாலும் முதலில் வயிறாரச் சாப்பிடுவாள். பிறகு வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு கொளுத்திப் போடுவாள். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்திலும் அப்படித்தான் நடந்தது. அப்பாவுக்கு அவள் ஒரே தங்கை. ராயப்பேட்டையில் தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறாள். இரண்டாவது முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பத்துப் பேர் நடுவில் ஆரம்பித்தாள்.

"பதினெட்டு வருசம் மிலிட்டரில இருந்தான் எங்கண்ணன். ஒரு மெடலு கீதா? செவுத்துல ஒரு போட்டோவாவது கீதா? அங்க இன்னா பண்ணினு இருந்தான்னு நெனைக்கிற அண்ணி? வடக்கால ஒரு குடும்பம் வெச்சினு இருந்தான். எனக்கு அப்பவே தெரியும்."

நான் பாய்ந்தேன். "செத்து பதினாறு நாள்தான் ஆகுது அத்தை, பாயசம் கூட இன்னும் செரிச்சிருக்காது" என்றேன். அத்தை அசரவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. எச்சில் இலைகளை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள். எல்லோரும் போன பிறகு, "ஏம்மா வாயே திறக்கல?" என்று கேட்டேன். பாயச அண்டாவைக் கழுவப் போய்விட்டாள். மறுநாள் காலையில் காபி டம்ளரை என் முன் வைத்துவிட்டு, "அவரு பொட்டியில மெடலு எதுனா கீதான்னு பாரு" என்றாள்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். பள்ளிப் பாடப் புத்தகங்கள். முப்பது வருடமாக அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையில் வட்டம் போடுவதுதான் பிழைப்பு. அதனால் யாராவது தப்பாக ஒன்று சொன்னால் எனக்குக் கை அரிக்கும். அத்தை சொன்னது தப்பு என்று நிரூபிக்க அம்மாவைவிட எனக்குத்தான் அவசரம். இப்படித்தான் என் இரண்டு வருடம் போயிற்று.

பெட்டியில் மெடல் இல்லை. ஒரு கம்பளி, ஒரு துருப்பிடித்த ஷேவிங் செட், அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம். புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஆங்கில எழுத்துகளை நெருக்கி நெருக்கிச் சுருக்கமாக எழுதியிருந்தார்கள். படைவீரர் குடும்பங்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி தாமே சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு மெடல் சாங்ஷன் ஆகியிருக்கும்மா. உங்கப்பா வாங்கிக்கவே இல்ல. அம்மா பேர்ல அப்ளை பண்ணுங்க, வரும். ஆனா இதுல பேரு வேறயா இருக்கே?"

பெயர் வேறாக இருந்ததற்குக் காரணம் தமிழர்களின் இனிஷியல். அப்பா பட்டாளத்தில் சேரப் போன அன்று, வடக்கத்தி குமாஸ்தா ஒருவர் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல முதலில் தன் அப்பா பெயரையும் அடுத்துத் தன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் இருப்பதுதானே பெயர்? குமாஸ்தாவுக்கு அவ்வளவுதான் தெரியும். அன்றிலிருந்து பதினெட்டு வருடம் அப்பாவைத் தாத்தாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தாத்தா ராயப்பேட்டை மார்க்கெட்டில் தேங்காய்க் கடை வைத்திருந்தவர். செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. அவர் பெயர் மட்டும் பனிமலையெல்லாம் சுற்றி வந்தது. "உங்க தாத்தாவ தெனம் காத்தால அஞ்சு மணிக்கு எழுப்பி ஓட உட்டேன்" என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தப்பு செய்தவர் இவர். தினமும் திட்டு வாங்கியவர் தாத்தா.

ஒருமுறை அப்பாவின் பட்டாளத்து நண்பர் ஒருவர் வீடு தேடி வந்தார். கதவைத் திறந்த அம்மாவிடம் தாத்தாவின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். "அவரு செத்துப் பத்து வருசம் ஆவுது" என்றாள் அம்மா. வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தம் கேட்டு அப்பா லுங்கியோடு வெளியே வந்தார். அந்த மனிதர் எழுந்து தெருமுனை வரை ஓடியதை அப்பா கடைசி வரை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் கூத்தைக் காகிதத்தில் சரிசெய்ய வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில்தான் போட முடியும். மந்தைவெளியில் ஒரு ப்ரவுசிங் சென்டருக்கு அம்மாவை அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், ஒரு காதில் பாட்டு, ஒரு காதில் நாங்கள். ஆதார் நகல் இல்லை என்றாள். ஜெராக்ஸ் எடுக்க எதிர்க்கடைக்குப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வருவதற்குள் விண்ணப்பத்தைப் போட்டு முடித்திருந்தாள். "பாட்டி எல்லாம் கரெக்டா சொன்னாங்க ஆன்ட்டி" என்றாள். அந்த ஒரு நாள் மட்டும் நான் மெய்ப்புப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அது வந்த நேரம் பார்த்து அத்தையும் வீட்டில் இருந்தாள். கபாலி கோயிலுக்கு வந்தவள், காபிக்கு எட்டிப் பார்த்திருந்தாள். "கவர்மெண்டு லெட்டரா? சத்தமா படி" என்றாள். படித்தேன். விண்ணப்பத்தின்படி படைவீரர் தற்போது வடபழனியில் வசிக்கிறார். அவருடைய தந்தை மயிலாப்பூரில் வசிக்கிறார். ஆனால் படைவீரரின் இறப்புச் சான்றிதழும் இணைக்கப்பட்டுள்ளது. இது எப்படி என்று விளக்கவும்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "பாத்தியா அண்ணி! நான் வடக்கேன்னு நெனச்சேன். இங்கயே வடபழனில வெச்சினுகீறான்! கவர்மெண்டுக்கே தெரிஞ்சிகீது!"

"செத்துப்போன தாத்தா மயிலாப்பூர்ல இருக்கறதா போட்டிருக்கே அத்தை, அதுக்கு என்ன சொல்ற?" என்றேன். "அதான் எனக்கும் புரியல" என்றாள், யோசித்துக்கொண்டே.

அத்தை போனதும் அம்மாவை உட்கார வைத்து விசாரித்தேன். அந்தப் பெண் என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய்?

"ஊட்டுக்காரர் பேரு இன்னான்னு கேட்டா. வடபழனில கீறாரே அவருன்னேன். மாமனாரு பேரு கேட்டா. மயிலாப்பூர்ல கோபுரம் வெச்சினு கீறாரே, வடபழனியோட அப்பா, அவருன்னேன். இதுக்கு மேல எப்டி சொல்றது?"

அப்பாவின் பெயர் முருகன் பெயர்களில் ஒன்று. தாத்தாவுக்கு மயிலாப்பூர் ஈஸ்வரன் பெயர். புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் அம்மா வாயால் சொன்னதில்லை. நான் படித்த பள்ளியில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் அவளுக்காகப் பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கு வடபழனி என்றாலே போதும், எழுதிக்கொள்வார்கள். காதில் பாட்டு ஓடும் பெண்ணுக்கு வடபழனி என்றால் பஸ் டிப்போ. பெயர்களைக் காகிதங்களைப் பார்த்துப் போட்டுவிட்டு, அம்மா சொன்னதை விலாசமாக்கிவிட்டாள். அவள்மேல் என்ன தப்பு? சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அம்மா சிரிக்கவில்லை. "அவ ஊரெல்லாம் சொல்லினு திரிவா. வடபழனில ஊடு கீதுன்னு. போய் மாத்து" என்றாள். கடிதத்தை என் கையில் திணித்தாள். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

மறுபடியும் அதே அதிகாரி. இந்த முறை அம்மாவையும் கூட்டிப்போனேன். பட்டாளத்துப் பதிவில் இருக்கும் பெயரும் இறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒரே ஆள்தான் என்று மனைவி தம் முன்னால் உறுதி சொல்ல வேண்டும் என்றார் அவர். "சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "நீங்க சொல்லக்கூடாதும்மா" என்றார் அதிகாரி.

அம்மா சேலைத் தலைப்பைத் திருகினாள். கூரையைப் பார்த்தாள். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த சாமி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முருகன் படம் மட்டும் அங்கே இல்லை. கடைசியில் கையை நீட்டி, "பேனா குடு" என்றாள்.

"எழுதறீங்களா?"

"வாயால சொல்லக்கூடாதுன்னுதான் கீது. கையால எழுதக்கூடாதுன்னு எவனும் சொல்லல."

மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு பெயர்களையும் எழுதினாள். தாத்தா பெயரில் ஒரு துணைக்கால் குறைந்தது. என் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அதிகாரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று முத்திரை குத்தினார். எதற்கு எழுந்தார் என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் கேட்டேன், "இது எதுக்குக் குடுக்கற மெடல் சார்?"

"லாங் சர்வீஸ், குட் காண்டக்ட். நீண்ட நாள் சேவை, நன்னடத்தை."

"நன்னடத்தையா? எங்கப்பாவுக்கா?" என்று கத்தியேவிட்டேன். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு தி.நகரில் ஒரு புடவைக் கடை வாசலில் செக்யூரிட்டியாக நின்றவர் அவர். பெண்டாட்டி பின்னால் நாலு பை தூக்கிக்கொண்டு வெளியே வரும் ஆண்களுக்கெல்லாம் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். முதலாளியிடம் புகார் போனது. அடுத்த நாள் முதலாளிக்கும் அதே சல்யூட், அவரும் பை தூக்கி வந்தபோது. அந்த மனிதருக்கு நன்னடத்தை.

அதிகாரி சிரித்தார். "அது வேறம்மா. ரெக்கார்டுல ரெட் இங்க் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். லீவு முடிஞ்சு லேட்டா வர்றது, குடிச்சிட்டு சண்ட போடறது, சாமானத் தொலைக்கறது, இதுக்கெல்லாம் சிவப்பு மையில எழுதிடுவாங்க. உங்கப்பா பேர்ல ஒண்ணுகூட இல்ல."

"சொந்த விஷயமெல்லாம்?"

"அதெல்லாம் அவங்க பாக்க மாட்டாங்க" என்றார். வழியில் அம்மா, மெடல் எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மெடல் ஒரு வருடத்துக்கும் மேலாகக் காக்க வைத்தது. பதிவுத் தபாலில், கையடக்கமான ஒரு பொட்டலம். அம்மா அதைத் தொடக்கூட விடவில்லை. "அவளுக்கு போன் போடு. அவ வந்தாத்தான் பிரிக்கணும்." அத்தை ஒரு மணி நேரத்தில் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். வீட்டில் மூன்று பேர், நடுவில் பொட்டலம். கத்தரிக்கோலை அம்மா அத்தையிடமே கொடுத்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள் அத்தை, மெடலை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து. "எதுக்குன்னு போட்டுகீது, படி."

கூட வந்த தாளைப் படித்தேன். "நீண்ட நாள் சேவைக்கும் நன்னடத்தைக்கும்."

முதலில் சிரித்தவள் அத்தை. "நன்னடத்தையா! எங்கண்ணனா! எங்கப்பன் கடையில தேங்கா திருடி பக்கத்துக் கடைக்கே வித்தவன்டி அவன்!" அம்மாவுக்கும் உதடு கோணியது. நானும் சேர்ந்துகொண்டேன். மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். அப்பா இருந்திருந்தால் எங்களைவிட அதிகமாகச் சிரித்திருப்பார்.

சிரிப்பு அடங்கியதும் அத்தை வெற்றிலையை எடுத்தாள். "நன்னடத்தைன்னா எதுல? டூட்டிக்கு கரீட்டா வந்ததுக்கா? இல்ல எல்லாத்துக்குமா?"

சரியான கேள்வி. முப்பது வருடம் மெய்ப்புத் திருத்திய நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதுதான் எனக்கு ஆத்திரம். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும்தான் அத்தை" என்றேன். "பதினெட்டு வருஷமும் ஆளை விட்டுப் பாத்துக்கிட்டே இருந்துதான் குடுப்பாங்களாம். எல்லாருக்கும் கிடைக்காது."

"ஆளு உட்டு பாத்தாங்களா?"

"ஆமா. மிலிட்டரின்னா சும்மாவா?"

அத்தை வெற்றிலையை மெல்லாமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தாள். "கவர்மெண்டே சொல்லிட்டப்புறம் நான் இன்னா சொல்றது. அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்தத பேசிட்டேன் அண்ணி" என்றாள். போகும்போது மெடலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வெற்றி பெற்ற சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஒரே போடு, எப்படி அடங்கினா பாத்தியா?" என்றேன். அம்மா மடியில் மெடலோடு உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு அவ சொன்னப்போ நான் ஏன் வாய தொறக்கலன்னு கேட்டியே."

"ஆமா."

"அவ சொல்லியா எனக்குத் தெரியணும்? நீ வயித்துல இருந்தப்போலேர்ந்து நானே நெனச்சினு இருந்ததுதான் அது. லீவுல வருவாரு, சிரிக்க வெப்பாரு, பூடுவாரு. ஒரு நாளும் கேக்கல. கடைசில ஆஸ்பத்திரில கூட வாய் வரைக்கும் வந்திச்சு, கேக்கல."

அம்மா ரிப்பனின் சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவி விட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெஜமாவே எல்லாத்துக்குமாடி?"

"எல்லாத்துக்கும்தாம்மா" என்றேன்.