பதினோராவது கை

தமிழ்செல்வியைப் பிடிவாதக்காரி என்று சொன்னால் எங்கள் பஸ்ஸில் யாரும் மறுக்க மாட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. அவள் பேக்கிங்கில் பன்னிரண்டு வருடம், நான் ஸ்டோர்ஸில் பதினைந்து வருடம். பெரியபாளையத்தில் புறப்பட்டு ஆரணி வழியாக வரும் ஏ ஷிப்ட் பஸ்தான் இருவருக்கும். விடிவதற்கு முன் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவோம். அவள் மட்டும் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டே வருவாள். யாராவது தூரத்தில் ஓடி வருவது தெரிந்தால், "எட்வர்ட் அண்ணா, ஒரு நிமிசம்" என்று டிரைவரை நிறுத்திவிடுவாள்.

கம்பெனிக்குப் பதினோரு பஸ் ரூட். ரூட்டுக்கு ஒரு பிரதிநிதி, இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல். பதினோரு பேரும் எச்.ஆர். மேடத்தோடு உட்கார்ந்தால் அதுதான் போக்குவரத்துக் கமிட்டி. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மினிட்ஸ் எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். அதனால் இங்கே நான் சொல்லப்போவது எல்லாம் கண்ணால் பார்த்தது.

தமிழ்செல்விக்கு முன்னால் எங்கள் பிரதிநிதி குப்புராஜ். பெரிய பஸ்ஸை எடுத்துவிட்டு இரண்டு வேன் விடலாமா என்று கம்பெனி அப்போது கேட்டது. பஸ்ஸுக்குள்ளேயே சீட்டுப் போட்டு ஓட்டு எடுத்தோம். வேன் வேண்டாம் என்று முப்பத்து மூன்று பேர் எழுதினார்கள். குப்புராஜ் கமிட்டிக்குப் போய் வேனுக்குக் கை தூக்கிவிட்டு வந்தார். கேட்டதற்கு, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வேன்தான் சீக்கிரம் போவும்" என்றார். அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. நான் விசாரித்துவிட்டேன். மனதார அப்படித்தான் நம்பினார். பெரிய பஸ் திரும்பி வரும்வரை எட்டு மாதம் முழங்காலைத் தாடையில் இடித்துக்கொண்டு வேலைக்குப் போனோம். அவர் நம்பிக்கையை வைத்து எங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தடவவா முடியும்?

அந்தக் கோபத்தில்தான் தமிழ்செல்வி ஜெயித்தாள். ஓட்டுக் கேட்கும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "நீங்க பொட்டில இன்னா போடுறீங்களோ, அதுக்குத்தான் என் கை தூக்கும். என் வாய்ல என் பேச்சு வராது." பஸ் முழுக்கக் கை தட்டியது. என் கை கொஞ்சம் அதிகமாகவே தட்டியது.

போன ஆடி மாதம் கம்பெனி அடுத்த யோசனையைக் கொண்டுவந்தது. இனி எந்த பஸ்ஸும் ஊருக்குள் நுழையாது, மெயின் ரோட்டோடு போகும், எல்லோருக்கும் நேரம் மிச்சம். எங்கள் ரூட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூட்ரோட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மேட்டுத்தாங்கலுக்கு பஸ் போகாது. அங்கே ஏறுகிறவர்கள் பதினான்கு பேர். மற்றவர்களுக்கு இருபது நிமிடத் தூக்கம்.

அந்தப் பதினான்கு பேரில் பூமிகா ஒருத்தி. பி.காம். முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தவளை வேலைக்குக் கூட்டி வந்ததே தமிழ்செல்விதான். பூமிகாவின் அப்பா அன்புசெல்வன், ஒன்றரை ஏக்கர் நெல் வைக்கிறவர், எனக்கு மச்சான் முறை. "வாசல்ல ஏறி வாசல்ல எறங்குறான்னா போவட்டும்" என்பது அவர் போட்ட நிபந்தனை. பஸ் உள்ளே வராவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை அவ்வளவுதான். இது தமிழ்செல்விக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எட்வர்டின் முதலுதவிப் பெட்டியில் இருந்த பஞ்சையும் கட்டுத்துணியையும் எடுத்துவிட்டு அதில் சீட்டுப் போட்டோம். 'நேரே' என்று இருபத்தெட்டு. 'உள்ளே' என்று பன்னிரண்டு. மேட்டுத்தாங்கலிலேயே பைக் வைத்திருக்கும் இரண்டு பேராவது நேரே என்று எழுதியிருக்க வேண்டும். கணக்கு அப்படித்தான் வருகிறது.

கமிட்டியில் ரூட் நம்பர்படி ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பத்து ரூட் முடிந்தபோது ஐந்துக்கு ஐந்து. பதினொன்று எங்களுடையது. எச்.ஆர். மேடம் தமிழ்செல்வியைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த தன் கையையே பார்த்தாள். குப்புராஜ் செய்ததைச் செய்துவிடுவாள் என்று எனக்கு உள்ளே உதறல். இருபது நிமிடம் போய்விடுமே என்ற உதறல், வேறென்ன? கடைசியில் கை மேலே போனது.

"இருவத்தெட்டு பன்னெண்டுன்னு எழுதுங்கண்ணா. ஆறு மாசம் கழிச்சு எங்க ரூட்டுல மறுபடி ஓட்டு எடுப்போம்னும் எழுதுங்க" என்றாள். எழுதினேன்.

அன்று மாலையே என்னையும் இழுத்துக்கொண்டு அன்புசெல்வன் வீட்டுக்குப் போனாள். மனிதர் களத்தில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீயே கைய தூக்கிட்டு, நீயே ஊடு தேடி வந்து பொண்ண அனுப்புன்னு கேக்குற. இன்னா ஞாயம்மா இது?"

"கை அவங்களுக்குத் தூக்குனது மாமா. இது நான் வந்துக்கீறேன். என் வண்டில காலைல இட்டுக்கினு போறேன், சாயங்காலம் கொண்டாந்து உடுறேன்."

தமிழ்செல்வியின் வீடு கூட்ரோட்டிலேயே இருக்கிறது. வாசலில் நின்றால் பஸ். இருந்தும் மறுநாளிலிருந்து நான்கேகாலுக்கு அந்தப் பழைய டிவிஎஸ்ஸை உதைத்து மேட்டுத்தாங்கலுக்குப் போய் பூமிகாவைக் கூட்டி வந்தாள். மற்றவர்கள் பைக் பிடித்தார்கள், சிலர் நடந்தார்கள். இரண்டு பெண்கள் வேலையை விட்டுவிட்டார்கள்.

பூமிகா நன்றி சொல்லுவாள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் கூட்ரோட்டில் வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"பொட்டில இன்னா வுழுதோ அத அப்டியே கொண்டு போய்க் குடுக்கறதுக்கு நீ எதுக்குக்கா? எட்வர்ட் அண்ணனே குடுத்துருவாரே. யோசிக்கறதுக்குத்தானே ஆள அனுப்புறோம்? ஒரு கை தூக்காம இருந்திருந்தா இந்த பேஜாரே இல்ல."

தமிழ்செல்வி வண்டியை ஸ்டாண்டு போட்டாள். "எனக்கு சரின்னு படுறத நான் செஞ்சா, நாளைக்கு வர்றவன் அவனுக்கு சரின்னு படுறத செய்வான். அப்ப பொட்டி எதுக்கு? சீட்டு எதுக்கு?"

"அப்ப நான் எதுக்கு?" என்றாள் பூமிகா. இன்றுவரை யோசிக்கிறேன், அந்தப் பெண் கேட்டது தப்பு என்று சொல்ல முடியவில்லை.

ஆறு மாதம் ஓடியது. மற்ற பத்து ரூட்டில் யாரும் மறு ஓட்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை. அங்கே பழையபடி ஐந்துக்கு ஐந்து. ஆக, எங்கள் பெட்டியில் விழுவதுதான் மறுபடியும் முடிவு. ஓட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போதும் தமிழ்செல்வி வாயைத் திறக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கேன்டீனில் நாஷ்டா தட்டோடு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, உள்ள போணும்னு உனக்குத் தோணுதா இல்லியா?"

"தோணுது."

"சொல்லித் தொலையேன்! கையத்தானே எங்களுக்குக் குடுத்த? வாயையுமா குடுத்துட்ட?"

"அப்டித்தானேண்ணா சொல்லி ஓட்டு கேட்டேன்."

"தப்பா சொல்லிட்ட. வாய திருப்பி எடுத்துக்கோ."

எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. மறுநாள் பஸ் பாலம் தாண்டியதும் அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பஸ்ஸு உள்ள போணும்னு நான் நெனைக்கிறேன். இருவது நிமிசம் பெருசுதான், எனக்கும் தூக்கம் வருது. ஆனா ரெண்டு பொண்ணுங்க வேலைய உட்டுருச்சுங்க. மீதிப் பேரு இருட்டுல நடக்குறாங்க. இத அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்மேல. நாளைக்கு நீங்க எத எழுதுனாலும் அதத்தான் தூக்குவேன்." உட்கார்ந்துவிட்டாள். பலர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் முதலுதவிப் பெட்டி ஒவ்வொரு இருக்கையாகக் கைமாறி வந்தது. வேலையை விட்ட இருவர் இடத்தில் புது ஆட்கள் ஏறியிருந்தார்கள், ஒருவர் லீவு. மொத்தம் முப்பத்தொன்பது சீட்டு. எண்ணியது நான்தான். நேரே இருபது. உள்ளே பத்தொன்பது.

இரண்டாம் தடவை எண்ணினேன். அதே இருபது.

கமிட்டியில் பத்து ரூட் முடிந்ததும் மேடம் நிமிர்ந்தார். இந்த முறை தமிழ்செல்வி தாமதிக்கவே இல்லை. கை சட்டென்று மேலே போனது. அவளுக்கு விருப்பமில்லாத ஒன்றுக்காக அவ்வளவு நேராக நின்ற கையைப் பார்க்க முடியாமல் நான் நோட்டில் குனிந்துகொண்டேன்.

பூமிகா அந்த வாரத்தோடு நின்றுவிட்டாள். "எத்தினி நாளைக்குக்கா உன் பின்னாடியே குந்திக்கினு வருவேன்" என்றாளாம். பெரியபாளையத்தில் கோயில் பக்கம் ஒரு வளையல் கடையில் நிற்கிறாள். இங்கே வாங்கியதில் பாதிச் சம்பளம். கடைசி நாள் தமிழ்செல்விக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கோபம் தீர்ந்து கொடுத்தாளா, தீராமல் கொடுத்தாளா என்று தெரியவில்லை என்று தமிழ்செல்வி சொன்னாள்.

தமிழ்செல்வி இப்போது வாசலில் நின்றே பஸ் ஏறுகிறாள். மேட்டுத்தாங்கல் ரோடு திரும்பும் இடத்தில் எட்வர்ட் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு நேரே விடுகிறார்.

ஒரு மாதம் மென்று விழுங்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது அவளை நிறுத்தினேன். கேன்டீனில் அவளுக்கு அவ்வளவு புத்தி சொன்னவன் நான். பஸ்ஸில் தலையை ஆட்டியவன். பெட்டிக்கு முன்னால் சீட்டைக் கையில் பிடித்தபோது பஸ் உள்ளே போனால் மறுபடி மூன்று நாற்பதுக்கே அடிக்கப்போகும் அலாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு சீட்டுதானே என்று நினைத்தேன். அந்த ஒரு சீட்டில்தான் முடிந்தது.

"தமிழு, அன்னைக்கு அந்தப் பொட்டில நான்..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதண்ணா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "சீட்டுல யாரையும் பேரு எழுதச் சொல்லலியே. சீக்கிரம் ஏறு, எட்வர்ட் அண்ணன் ஹாரன் அடிக்கிறாரு."