ஒப்பந்தம் பேசிய வகுப்பு

எங்கள் சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் என்றாலே அந்த மேடம்தான். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘டேப் ரெக்கார்டர்’. கமா, முற்றுப்புள்ளியோடு நோட்ஸ் சொல்வார். அதைப் பரீட்சையில் அப்படியே கொட்டினால் மார்க் நிச்சயம். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்பட்டதில்லை.

ஒரு நாள், பம்ப் பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்த அவருடைய கொழுந்தன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சரக்கை ஏற்க மறுத்துவிட்டது.

“கேஸ் போடலாமா அண்ணி? நீங்கதான் இதுல புலியாச்சே.”

மேடம் படித்தார். திரும்பவும் படித்தார். தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊரில் நடுவர் விசாரணை என்று பக்கம் பக்கமாக இருந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியவர், ஒரு முழு வெளிநாட்டு ஒப்பந்தத்தைக் கையில் பிடிப்பது அதுதான் முதல் தடவை.

“எனக்கு இது பிடிபடலை தம்பி. தெரிஞ்சவங்ககிட்ட போவோம்.”

தெரிந்தவர் என்றால் அவருடைய பழைய மாணவிதான். ஏற்றுமதி ஒப்பந்தங்கள் பார்க்கும் வக்கீல். கொழுந்தனின் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. மேடத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. சம்பளமில்லாமல் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மாணவியின் அலுவலகத்திலேயே பயிற்சிக்குச் சேரப் போய் நின்றார்.

“என்ன மேடம், நீங்க போய் எனக்குக் கீழயா?”

“கீழ மேல எல்லாம் வேண்டாம். உன் பக்கத்துல ஒரு நாற்காலி போடு, போதும்.”

“ஆரம்பத்துல நான் எழுதின டிராஃப்ட்ல கறுப்பு மையைவிட சிவப்பு மைதான் ஜாஸ்தி” என்று மேடம் பிற்பாடு, சக ஆசிரியர்களான எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பி வந்தவர், மாணவர்களை விற்பவர்களாக்கி, வேறொரு நாட்டுக் கல்லூரி வகுப்பை வாங்குபவர்களாக்கி, வீடியோவில் பேரம் பேச வைக்கத் திட்டம் போட்டார். பிரின்சிபால் கையை விரித்தார்.

“சிலபஸ்ல இல்லாததை நடத்தினா என் தலைதான் உருளும்.”

“காலேஜ் விட்டப்புறம் நடத்திக்கறேன் சார். வர்றவங்க வரட்டும்.”

ஒரு சிலரே வந்தார்கள். “இது பரீட்சைக்கு வருமா மேடம்?” என்றான் ஒருவன்.

“வராது. வேலைக்குப் போற முதல் நாள் வரும்.”

முதல் பேச்சிலேயே எதிர்த்தரப்பு, தகராறு வந்தால் விசாரணை தங்கள் ஊரில்தான் என்று அடம்பிடித்தது. நம்மவர்கள் மைக்கை அணைத்துவிட்டு மேடம் முகத்தைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பாக்கறீங்க? இங்க வக்கீல் நீங்கதான்.”

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் மைக்கைப் போட்டாள். இரண்டு ஊரும் வேண்டாம், மூன்றாவது நாட்டில் வைத்துக்கொள்ளலாம். சின்னத் தகராறுகளை வீடியோவிலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்றாள். எதிர்த்தரப்பு தங்களுக்குள் கலந்து பேசிவிட்டு ஒப்புக்கொண்டது.

பிரின்சிபால் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் அதைப் பாடமாக்கச் சொல்லி வாதாடியவர் அவர்தான்.

இன்று அது கட்டாயப் பாடம். பக்கத்து அறையில் சொத்துச் சட்டம் நடத்தும் நானும், போன விடுமுறையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து பத்திரம் எழுதப் பழகினேன்.